விடுதிக்குப் பின்னால் விளைந்த புளிச்சக்கீரை

எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘ங்க’ சேர்க்காமல் ஒரு வாக்கியம் முடியாது என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். உண்மைதான். பால் ஊற்ற வருகிறவரிடமும், பஸ் கண்டக்டரிடமும், வழி தெரியாமல் கதவைத் தட்டுகிறவரிடமும் ‘ஏனுங்க’ என்றுதான் ஆரம்பிப்பேன். ஆனால் திருப்பூரில் நல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதியில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பார்த்துக்கொண்ட ஆறு வருஷத்தில், அங்கே தங்கியிருந்த வடக்கத்திப் பெண்களிடம் எனக்கு அந்த ‘ங்க’ ஒரு நாளும் வரவில்லை. ‘ஏய்’, ‘இந்தா’, ‘ஏம்புள்ள’. அவ்வளவுதான். அதை அப்போது நான் கவனிக்கக்கூட இல்லை.

அந்த வேலைக்கு நான் விரும்பிப் போகவில்லை. ஆற்றோரம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம் இருந்தது. கிணற்றில் சாயத்தண்ணீர் இறங்கிய பிறகு முதலில் வாழை போனது, அப்புறம் மக்காச்சோளம், கடைசியில் தென்னை. இளநீரே உப்புக் கரித்தது. மழை பெய்து காய்ந்தால் நிலம் முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்கும். என் கணவர் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு காலையில் மாரடைப்பில் போய்விட்டார். மகளைக் கோயமுத்தூரில் விவசாயம் படிக்க வைத்திருந்தோம். அவள் படிப்பு முடியட்டும் என்று நான் இந்த வேலையை ஒப்புக்கொண்டேன்.

கம்பெனி முதலாளி எங்களுக்குத் தூரத்து உறவு. வயதில் சின்னவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். நம்ம ஆள் ஒருத்தர் இருந்தால்தான் விடுதி ஒழுங்காக நடக்கும் என்று சொல்லித்தான் கூப்பிட்டார். எங்கள் கிணற்றில் இறங்கிய சாயத்தில் அவருடைய துணிக்கும் பங்கு இருந்திருக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதே இல்லை.

விடுதியில் எண்பது பெண்கள். பாதிப் பேர் ஒடிசா, மீதிப் பேர் ஜார்க்கண்ட். தையல், செக்கிங், பேக்கிங் என்று காலையிலிருந்து நின்றும் உட்கார்ந்தும் வேலை செய்துவிட்டுச் சாப்பிட வருவார்கள். நான் போட்டது சோறு, தண்ணியாக ஒரு சாம்பார், ரசம், முட்டைக்கோஸ் பொரியல். தினமும் அதேதான். அவர்கள் சோற்றை நிறைய வாங்கி, சாம்பாரை ஓரமாக ஒதுக்கி, பச்சை மிளகாயையும் உப்பையும் கடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். வடித்த கஞ்சித்தண்ணீரைக் கொட்டாமல் தங்களுக்குத் தரச்சொல்லி ஒருமுறை கேட்டார்கள். அதை நான் மாட்டுக்கு ஊற்ற ஒருவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாடு கேட்காமல் குடிக்கிறது, நீங்கள் கேட்டு வாங்குகிறீர்களா என்றேன். என்ன சொன்னேன் என்று அவர்களுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. சிரித்த என் முகம் புரிந்திருக்கும்.

அறையில் சமைக்கக் கூடாது என்பது விதி. ஒரு நாள் ஒரு பெண் தண்ணீர் சூடாக்கும் கெட்டிலில் சின்னச் சின்னக் கருவாட்டைப் போட்டு வேக வைத்துக்கொண்டிருந்தாள். வாசம் படிக்கட்டு வரைக்கும் வந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு போய் எல்லோரும் பார்க்கச் சாக்கடையில் கொட்டினேன். அவளையே பினாயில் போட்டுக் கெட்டிலைக் கழுவ வைத்தேன். ஊரிலிருந்து அவள் அம்மா கட்டிக்கொடுத்த கடைசிக் கருவாடு அது என்று பிறகு யாரோ சொன்னார்கள். சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கு மேல் எங்கும் போகவில்லை.

இதைச் சொல்வது, நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டு மேலே படிப்பதற்காக.

ஆடி மாதத்தில் ஜார்க்கண்டிலிருந்து புதிதாக வந்த கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். குள்ளமாக, தோள் அகலமாக இருப்பாள். ஊரில் ஆறு வயதில் ஒரு மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, விடுதிக்கும் குடோனுக்கும் நடுவில் சும்மா கிடந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் கள்ளிகூட வராது என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து மண்ணும் அதே ருசிதான்.

அவள் என்னிடம் வந்து, சைகையும் இரண்டொரு தமிழ்ச் சொல்லுமாக, கொஞ்சம் கீரை போடட்டுமா என்று கேட்டாள். போட்டுக்கொள் என்றேன். முளைக்காது என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

அப்போது விடுதித் தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அடியிலிருந்து நல்ல செம்மண் மேலே வந்து குவிந்து கிடந்தது. இரண்டு வாரம், ஷிப்ட் முடிந்த பிறகு, அவள் அந்த மண்ணைச் சிமெண்டுச் சாக்கில் அள்ளித் தலையில் வைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு மூன்று பெண்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். பழைய மண்ணுக்கு மேல் முழங்கால் உயரத்துக்குப் பாத்தி எழுப்பினாள். சமையலறைச் சாம்பலையும் காய்கறித் தோலையும் கேட்டு வாங்கிப் போட்டாள். கட்டிங்கில் விழுந்த பனியன் துண்டுகளைப் பாத்தி மேல் பரப்பி ஈரம் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டாள். அரிசி கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றினாள். உப்புக் கரித்த போர்வெல் தண்ணீரைத் தொடவே இல்லை. நாங்கள் மூன்று ஏக்கரை வைத்துக்கொண்டு செய்யாததை அவள் பதினைந்தடி நீளத்தில் செய்துகொண்டிருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

விதை அவள் ஊரிலிருந்து ரவிக்கைத் துணியில் முடிந்து கொண்டுவந்தது. ஒரு வாரத்தில் முளைத்தது. நான்கு இலை விட்டபோது நான் குனிந்து ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். புளிச்சக்கீரை.

எங்கள் வீட்டுக் கீரை அது. சின்ன வெங்காயமும் பூண்டும் வரமிளகாயும் சேர்த்து வேகவைத்து, மண்சட்டியில் மத்தால் கடைந்து, கடலெண்ணெயில் தாளித்துக் கம்பஞ்சோற்றில் குழி செய்து ஊற்றிச் சாப்பிடுவோம். தோட்டம் போன பிறகு நான் அதைச் சமைத்ததே இல்லை. சந்தையில் கிடைக்கும். வாங்க மனம் வராது. அவள் அதைக் குத்ரும் என்றாள். அவள் ஊரில் இலையைச் சோற்றுக் கஞ்சியில் வேகவைப்பார்களாம், பூ உதிர்ந்த பிறகு காயை மூடியிருக்கும் சிவப்புத் தோலைப் பூண்டும் மிளகாயும் வைத்து அரைப்பார்களாம். ஆயிரம் மைல் தள்ளி ஒரு காட்டு ஊரில் என் கீரையை வேறு பெயரில் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு ஏனோ அவமானமாகப் பட்டது.

புரட்டாசியில் கீரை பொங்கி வந்தது. வாரம் இருமுறை அவள் பறித்துக் கொடுக்க, நான் பெரிய சட்டியில் கடைந்தேன். அந்த நாட்களில் பெண்கள் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டும். தட்டை வழித்தார்கள். இரண்டாம் முறை சோறு கேட்டார்கள். ஒடிசாப் பெண்களுக்கும் அந்தக் கீரை தெரிந்திருந்தது. யாரோ ஒருத்தி என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

முதலாளியின் மனைவிக்கு ஒரு கட்டுக் கீரை அனுப்பினேன். யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. பிறகு அதை மாற்ற முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்கும் கம்பெனியின் ஆட்கள் கம்பெனியைப் பார்வையிட வந்தபோது, முதலாளி அவர்களை விடுதிக்குப் பின்னால் அழைத்து வந்தார். தொழிலாளர்களுக்கென்று கம்பெனி நடத்தும் தோட்டம் என்றார். என்னைப் பாத்திக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் ஆபீஸ் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது. அவள் அப்போது இரண்டாவது மாடியில் மிஷினில் இருந்தாள்.

கார்த்திகை முடியும்போது இலைகளுக்கு நடுவே காய் சிவந்தது. எங்கள் ஊர்ப் புளிச்சையில் காய் இவ்வளவு தடிக்காது. இவளுடையது ரத்தச் சிவப்பில், நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு நின்றது.

கம்பெனியில் கழிக்கப்பட்ட பனியன்களை மொத்தமாக வாங்க நைஜீரியா நாட்டுக்காரர் ஒருவர் குடோனுக்கு வருவார். திருப்பூரில் நெடுநாளாகத் தங்கி வியாபாரம் செய்கிறவர். ‘அண்ணா, கம்மி பண்ணு’ அளவுக்குத் தமிழ் பேசுவார். எங்களுக்குள் அவரை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அதை இங்கே எழுதக் கூசுகிறது. ஒரு ஞாயிறு காலை அவர் குடோனிலிருந்து வெளியே வந்தவர், பாத்தியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு சத்தமாகச் சிரித்தார். “ஸோபோ,” என்றார். “எங்க ஊரு. எங்க ஊரு இது.”

அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பயப்படவில்லை. ஒரு கை நிறைய சிவப்புத் தோலைப் பறித்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஒரு பெரிய பாட்டிலில் சிவப்பாக எதையோ கொண்டுவந்தார். அந்தத் தோலை இஞ்சியும் கிராம்பும் போட்டுக் கொதிக்கவைத்துச் சர்க்கரை சேர்த்து ஆறவைத்தது. ஐந்தாறு பெண்கள் கூடினார்கள். நானும் இருந்தேன். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். புளிப்பும் காரமும் இனிப்புமாகத் தொண்டையில் இறங்கியது. நன்றாக இருந்தது. இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டேன். அவர் ஒரு பனியன் மூட்டை மேல் உட்கார்ந்து, தன் அம்மா இந்த இலையில் நிலக்கடலையை இடித்துப் போட்டுச் சமைப்பாள் என்றும், கல்யாணத்துக்கு இந்தத் தண்ணீர் இல்லாமல் முடியாது என்றும் சொன்னார். அரைத் தமிழ், கொஞ்சம் ஹிந்தி, மீதி கையசைவு. அரை மணி நேரம் இருந்திருப்பார். வாட்ச்மேன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது. அவர் பாத்தியருகே வந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் நான் அங்கே இருந்தேன்.

அந்த வாரம் முதலாளியின் மனைவி ஊறுகாய் போட வேண்டும், அந்தச் சிவப்புக் காய் முழுவதையும் அனுப்புங்கள் என்று கேட்டுவிட்டார். நான் கூடையை எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் குளிக்க வரிசையில் நின்றார்கள். அவள் வந்து தடுத்தாள். ஓரத்தில் நான்கு செடியை மட்டும் விடச் சொன்னாள். விதைக்கு நிறுத்தியது, முற்றிக் காய்ந்தால்தான் அடுத்த வருஷத்துக்கு ஆகும், எனக்கும் தருவதாகச் சொன்னாள். நான் காது கொடுக்காமல் கிளையை வளைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுத்திப் பிடிக்கவில்லை.

“அக்கா, இது என் செடி.”

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். ஆபீசில் என் படம் சட்டத்துக்குள் இருந்தது. கூடையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். வாட்ச்மேன் ஏதோ சொல்லியிருக்கிறார். அந்த ஆப்பிரிக்காக்காரன் நம் விடுதிப் பெண்களிடம் வந்து உட்காருகிறானாமே, என்ன விஷயம் என்று கேட்டார். நான் இருந்தேன் தம்பி, கீரைத் தண்ணி குடித்தோம், நானும் குடித்தேன் என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

“எனக்கென்னங்க தம்பி தெரியும்,” என்றேன். “அந்தக் குள்ளப் புள்ளதான் அடிக்கடி குடோன் பக்கம் போகுதுங்க.”

ஒரே ஒரு வாக்கியம். அதிலும் ‘ங்க’ இருந்தது.

ஆள் கொண்டுவரும் ஏஜென்ட் மதியமே வந்துவிட்டார். அவளுடைய மாவட்டத்துக்காரர்தான். மிஷினிலிருந்து எழுப்பி அழைத்து வந்தார்கள். சாப்பாட்டு நேரம் என்பதால் எல்லோரும் தட்டோடு கூடத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே அவளுடைய பையைச் சோதிக்கச் சொன்னார் முதலாளி. சோதித்தது நான். இரண்டு சேலை, ஒரு ஸ்வெட்டர், மகளுக்கு வாங்கி வைத்த வளையல், பவுடர் டப்பா. அடியில் ஒரு முடிச்சு விதை. ஆடியில் போட்டது போக மிச்சம் வைத்திருந்தது. அதை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அது கம்பெனிப் பொருளும் அல்ல, திருட்டும் அல்ல. ஏன் எடுத்தேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஏஜென்ட் அவளுடைய வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவள் புருஷனிடம் அவர்கள் மொழியில் பேசினார். எனக்குப் புரிந்தது ஒரு வார்த்தைதான், ஆப்பிரிக்கா. அதை மூன்று முறை சொன்னார். அந்தப் பக்கத்தில் போன் அணைந்தது. ஜார்க்கண்ட் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“அக்கா, நீங்க கூட இருந்தீங்கல்ல. நீங்களும் குடிச்சீங்கல்ல.”

“நான் எதுக்குடி உங்கூட இருக்கறேன்,” என்றேன்.

அவளை வேனில் ஏற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. பெண்கள் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, மிஷினுக்குப் போனார்கள். அன்றைக்குச் சோறு மீதமாகவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

மறுநாள் இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அவளோடு மண் சுமந்த பெண்களையே வரச் சொன்னேன். அவர்களாகவே பிடுங்கட்டும் என்று நினைத்தேன். வேரைச் சுற்றி மண் கறுப்பாக, உதிரியாக இருந்தது. மண்புழுகூட வந்துவிட்டிருந்தது. ஒருத்தி புழுவைக் கையில் எடுத்து எங்கே விடுவது என்று தெரியாமல் பார்த்தாள். கீழே போடு என்றேன். ஒரு வாரத்தில் அங்கே சிமெண்டுத் தளம் போட்டு மூட்டை அடுக்கினார்கள்.

விதையை என் வீட்டுக் கொல்லையில் போட்டேன். முளைத்து, இரண்டு இலை விட்டு, ஓரம் கருகிச் செத்தது. செம்மண் சுமக்க எனக்கு முதுகு வணங்கவில்லை. மிச்ச விதையை எறும்பு கொண்டுபோனது.

நைஜீரியக்காரரிடம் முதலாளி வியாபாரத்தை நிறுத்தவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். காரணம் அவருக்குச் சொல்லப்படவில்லை. ஒருநாள் கேட்டருகே என்னைப் பார்த்து, அந்தச் சகோதரி எங்கே என்று கேட்டார். ஊருக்குப் போய்விட்டாள், தங்கை கல்யாணம் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த முறை வந்தபோது, அவள் தங்கைக்கு என்று பூப்போட்ட பருத்தித் துணி ஒன்றை என்னிடம் கொடுத்தார். அவர் நாட்டுத் துணி, கெட்டியான சாயம். அதை மாவு கிரைண்டருக்கு மூடுதுணியாக ஆக்கிக்கொண்டேன். எவ்வளவு துவைத்தும் சாயம் போகவில்லை.

என் மகள் படிப்பு முடித்து விதைப் பண்ணை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விடுமுறைக்கு வந்தவளுக்குச் சந்தையில் புளிச்சக்கீரை வாங்கிக் கடைந்து, கம்பஞ்சோறு ஆக்கிப் போட்டேன். அந்தப் பெண்ணின் கதையை அவளிடம் என் பக்கம் சாய்த்துத்தான் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இந்தக் கம்பும் சோளமும் ராகியும் புளிச்சையும் ஆதியில் எல்லாமே ஆப்பிரிக்கா மண்ணில் பயிரானவை என்றாள். நிலக்கடலையும் மிளகாயும் மக்காச்சோளமும் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவை. நம் தட்டில் நம்முடையது உப்பு மட்டும்தான் என்றாள். கை கழுவும்போது திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: “நீ அங்க இருந்தியாம்மா, இல்லையா?”

நான் அவள் மிச்சம் வைத்த தட்டை எடுத்தேன். அவள் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு போனில் பேசுவாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள், வைத்துவிடுவாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, விடுப்பில் போய்த் திரும்பிய ஒரு ஜார்க்கண்ட் பெண் அவளைப் பற்றிச் சொன்னாள். நான்தான் கேட்டேன். சோறு வாங்கும் வரிசையில் நின்றபடி, கரண்டியைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொன்றாகச் சொன்னாள். சேதி அவளுக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. புருஷன் வீட்டுக்குள் விடவில்லை. ஊர் கூடிப் பேசியிருக்கிறார்கள். மகளைப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பு. அம்மா வீட்டில் அண்ணன் இருக்கிறார், அவரும் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது எங்கோ செங்கல் சூளையில் மண் சுமக்கிறாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து, தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். மகள் அவளைக் கண்டதும் கல் எடுத்து எறிந்ததாம். எறியச் சொல்லி யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அவளுடைய போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன்.

“இருக்கு,” என்றாள் அந்தப் பெண். “உங்களுக்குத் தர மாட்டேன்.”

ஆறு வருஷத்தில் விடுதியில் என்னிடம் மாட்டேன் என்று சொன்ன இரண்டாவது ஆள் அவள். பின்னால் நின்றவள் தட்டை நீட்டினாள். நான் சோறு போட்டேன்.

இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் முதலாளியிடம் போனேன். அன்றைக்கு நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நான் இருந்தேன், நான் குடித்தேன், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, அவள் புருஷனுக்கு நீங்கள் போன் செய்து சொல்ல வேண்டும், நானே கூடப் போய்ச் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டால் ஏதாவது சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு போயிருந்தேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அக்கா, குடோன்ல கேமரா எதுக்கு வெச்சிருக்கறேன்? அன்னிக்கே பாத்துட்டனுங்க. நீங்க ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சதும் தெரியும்.”

பிறகு ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

“எம்பட செடின்னு உங்க கையைப் புடிச்சுதாமுங்களே. அதுவும் வாட்ச்மேன் சொன்னாப்ல. இன்னிக்குச் செடிம்பாங்க, நாளைக்கு வேறொண்ணும்பாங்க. எண்பது பேரு பாத்துட்டு நிக்கறாங்க. அனுப்பறதுக்கு ஒரு காரணம் வேணும். நீங்க குடுத்தீங்க.”

அவர் குரலில் கோபமே இல்லை. உறவுக்காரரிடம் பேசும் மரியாதையோடுதான் சொன்னார். அதே மூச்சில், வயசாகிவிட்டது, கஷ்டப்படாதீர்கள், அடுத்த மாதத்திலிருந்து மெஸ்ஸைக் காண்ட்ராக்டுக்கு விடுகிறோம், நீங்கள் வீட்டில் இருந்து ஓய்வெடுங்கள் என்றார். எழுந்து கதவைத் திறந்துவிட்டார். வரவேற்பறையில் என் படம் மாட்டிய இடத்தில் அப்போது ஒரு கடிகாரம் இருந்தது. எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை.

ஒன்றாம் தேதி காண்ட்ராக்ட்காரர்கள் தங்கள் பாத்திரங்களோடு வேனில் வந்தார்கள். சமையலறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, என் கரண்டிகள் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஷிப்ட் மாறும் நேரம். பெண்கள் வரிசையாக என்னைக் கடந்து போனார்கள். ஒருத்தியும் நிற்கவில்லை, ஒருத்தியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நான் அங்கே இருப்பது போலவே அவர்களுக்குப் படவில்லை. பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன்.